புறக்கணிப்பும் பேச்சுரிமையும்

(மூன்றாம் ஆண்டு, அரசியல் அறிவியல்)

முன்னுரை

அபிஷேகப்பாக்கம் என் ஊர். தவளக்குப்பத்திலிருந்து வரும் சாலையோரத்தில் என் தந்தையார் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். நான்கு பெஞ்சு, ஒரு பாய்லர், பிஸ்கட்டும் பன்னும் அடுக்கிய ஒரு கண்ணாடிப் பெட்டி, நாள்தோறும் வரும் இரண்டு நாளிதழ்கள்; இவையே எங்கள் குடும்பத்தின் மூலதனம். அரசியல் அறிவியலின் முதற்பாடத்தை வகுப்பறைக்கு முன்னரே நான் அந்தப் பெஞ்சில் கற்றேன் என்றால் அது மிகையாகாது.

நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது அக்கடையில் மூன்று நிகழ்ச்சிகள் நடந்தன. முதலாவது: நாளிதழ் ஒன்று கரும்பு விவசாயிகளைப் பற்றி எழுதியது என் தந்தையாருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் முதல் அதை நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் காரணமும் சொன்னார். அந்த இதழை மட்டுமே படிக்கும் பெரியவர் ஒருவர் இரண்டு நாள் முணுமுணுத்தார். பிறகு தம் காசில் அதை வாங்கி வந்து எங்கள் பெஞ்சிலேயே அமர்ந்து படித்தார். என் தந்தையார் அவருக்கு வழக்கம்போல் சர்க்கரை குறைத்துத் தேநீர் கொடுத்தார்.

இரண்டாவது: சில வாரங்கள் கழித்து, ஓர் அமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் வந்தனர். மீதமிருந்த இதழ் தங்கள் தலைவரை இழிவுபடுத்திவிட்டது என்றனர். "அந்தப் பேப்பர இனிமே போடாதீங்கண்ணே. போட்டா எங்க ஆளுங்க ஒருத்தரும் இங்க டீ குடிக்க மாட்டாங்க" என்றார் ஒருவர். "டீ குடிக்கறது உங்க இஷ்டம் தம்பி, பேப்பர் போடறது என் இஷ்டம்" என்றார் என் தந்தையார். ஏறத்தாழ இருபது நாள் மாலை வியாபாரம் பாதியாகக் குறைந்தது.

மூன்றாவது: அதே ஆண்டு ஒரு முழு அடைப்பு அறிவிக்கப்பட்டது. என் தந்தையார் கதவில் ஒரு பலகையை மட்டும் எடுத்துவிட்டுப் பாய்லரைப் பற்ற வைத்தார். எங்கிருந்தோ வந்த ஒரு கல் கண்ணாடிப் பெட்டியை நொறுக்கியது. என் தாயார் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளியதும், அன்று மாலை ஒலிபெருக்கியில் "வணிகப் பெருமக்கள் தாமாகவே முன்வந்து கடைகளை அடைத்தனர்" என்று நன்றி சொல்லப்பட்டதும் இன்றும் என் நினைவில் உள்ளன.

இம்மூன்றுக்கும் நம் மக்கள் வழங்கும் பெயர் ஒன்றே: புறக்கணிப்பு. இது பேச்சுரிமையின் ஒரு வடிவமா? அன்றிப் பிறர் பேச்சை அடக்கும் கருவியா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் வரலாறும்

சென்ற தலைமுறையினர் இதனைப் 'பகிஷ்காரம்' என்று எழுதினர். 'வெளியே தள்ளுதல்' என்பது அவ்வடசொல்லின் பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் 'பாய்காட்' என்பதோ ஒரு மனிதரின் பெயர். 1880-இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களைக் கவனித்து வந்த முகவர் கேப்டன் பாய்காட். குத்தகையைக் குறைக்கும்படி கேட்ட குடியானவர்களை அவர் வெளியேற்ற முனைந்தார். ஊர் மக்கள் அவரைத் தாக்கவில்லை. அவரை விட்டு விலகினர். வேலையாட்கள் நின்றுவிட்டனர், கடைக்காரர்கள் பொருள் தர மறுத்தனர். இறுதியில் வெளியூரிலிருந்து சுமார் 50 பேரை அழைத்து வந்து, ஏறத்தாழ ஆயிரம் படைவீரர், காவலர் பாதுகாப்பில் அறுவடையை முடிக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு இறுதியிலேயே அவர் ஊரை விட்டுப் போனார். அவர் பெயர் மட்டும் உலக மொழிகளில் தங்கிவிட்டது.

பெயர் அங்கிருந்து வந்தாலும் செயல் நமக்குப் புதிதன்று. ஊர்க் கட்டுப்பாடு, ஊர்விலக்கு என்ற பெயர்களில் அது நம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்து வந்தது. ஆனால் கேப்டன் பாய்காட்டை விலக்கியவர்கள் எளியவர்கள்; ஊர்விலக்கில் விலக்கப்படுபவர்களே பெரும்பாலும் எளியவர்கள். ஒரே ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறுவதை இங்கே காண்கிறோம்.

பேச்சாகிய புறக்கணிப்பு

1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் அந்நியத் துணியை விலக்கும்படி நாட்டு மக்களை அழைத்தது. வாக்குரிமையோ சட்டமன்றத்தில் இடமோ இல்லாத மக்களுக்குச் சட்டைத் துணியே வாக்குச் சீட்டாயிற்று எனலாம். தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தபோது, எந்தக் கப்பலில் ஏறுகிறோம் என்பதே ஓர் அரசியல் கூற்றாகிவிட்டது. அந்த இயக்கத்தின் குரலாக விளங்கிய 'இந்தியா' இதழின் மீது ஆங்கில அரசு 1908-இல் நடவடிக்கை எடுத்தது. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் புதுவைக்கு வந்தார். இதழும் இங்கிருந்து வெளிவந்தது. தன் எல்லைக்குள் அது நுழையாதபடி ஆங்கில அரசு தடுத்தமையால் 1910-இல் நின்றுபோயிற்று. புறக்கணிக்கச் சொன்னவரின் பேச்சையே அரசு தடுத்தது என்பதை நாம் இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவிலும் இவ்வாறே நடந்தது. மான்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் 5 முதல் 381 நாள் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏற மறுத்து நடந்தே வேலைக்குச் சென்றனர். அலபாமா மாநிலத்தில் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் பழைய சட்டம் ஒன்று இருந்தது. அதன்கீழ் மார்ட்டின் லூதர் கிங்குக்கு 1956-இல் 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் மிசிசிப்பி மாநிலத்தில், 1966-இல் தொடங்கிய ஒரு கடைப் புறக்கணிப்பு வழக்காக மாறியது. வெள்ளை வணிகர்கள் நட்டஈடு கேட்டனர். மாநில நீதிமன்றம் 12 லட்சம் டாலருக்கு மேல் வழங்கியது. 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை நீக்கி, அரசியல் மாற்றம் வேண்டி அமைதியாக நடத்தப்படும் புறக்கணிப்பு பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் வருவதே என்று கூறியது.

நம் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. பேச்சு என்பது நாவினால் மட்டும் ஆவதன்று. அமைதியான ஆர்ப்பாட்டமும் கருத்து வெளிப்பாடே என்று 1962-இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவ்வாறாயின், "இதை நான் வாங்கேன், நீங்களும் வாங்க வேண்டா" என்பது பேச்சு ஆகாமல் வேறென்ன? என் தந்தையார் ஒரு நாளிதழை நிறுத்தியதும் இவ்வகையதே.

பேச்சை அடைக்கும் புறக்கணிப்பு

இனி, நாணயத்தின் மறுபக்கத்தைக் காண்போம். அதே சுதேசி இயக்கத்தின் தொடக்கத்தில் வீதியில் இறங்கி நடந்தவர் இரவீந்திரநாத தாகூர். ஆனால் மலிவான அந்நியத் துணியை விற்றுப் பிழைத்த ஏழை வியாபாரிகள் மிரட்டப்படுவதையும், அவர்தம் சரக்கு எரிக்கப்படுவதையும் கண்டு அவர் மனம் மாறினார். 1916-இல் வெளிவந்த அவருடைய 'வீடும் வெளியும்' என்ற நாவலில், தன் சந்தையில் அந்நியத் துணியைத் தடை செய்ய மறுக்கிறான் நிகில் என்ற ஜமீன்தார். அவன் சுதேசியை வெறுப்பவன் அல்லன். சொந்தப் பணத்தை அதில் செலவிட்டவன். ஏழையின் முதுகில் ஏறி நாட்டுப்பற்றைக் காட்ட மறுத்தவன், அவ்வளவே.

இக்காலத்துக்கு வருவோம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010-இல் வெளிவந்தது. நான்காண்டுகள் கழித்து எதிர்ப்பு எழுந்தது. நாவலை வாங்காதீர் என்று சொல்வதோடு அது நிற்கவில்லை. 2015 ஜனவரியில் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் ஆசிரியர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்கவும், விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் உடன்பட வேண்டியதாயிற்று. தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், பிடிக்காதவர் அந்நூலைப் படிக்காமல் விட்டுவிடலாம் என்றும் கூறி, அவர் மீண்டும் எழுத வழி திறந்தது.

இதற்கு முன்பே 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற திரைப்படத்தின் வழக்கில், 1989-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவான நெறியை வகுத்திருந்தது. அப்படம் இட ஒதுக்கீட்டுக் கொள்கையைக் குறை கூறியது. அக்கருத்தை ஏற்காதவர் பலர். நானும் அவருள் ஒருவன். ஆயினும், ஆர்ப்பாட்டம் வரும், வன்முறை வரும் என்ற அச்சுறுத்தலுக்குப் பணிந்து கருத்துரிமையை அடக்கலாகாது என்றும், அவ்வுரிமையைக் காப்பது அரசின் கடமை என்றும் நீதிமன்றம் கூறியது.

தேர்தல் புறக்கணிப்புக்கும் இதுவே பொருந்தும். வாக்களிக்க மறுப்பது ஒரு கருத்து. வாக்களிக்க விடாமல் தடுப்பது அக்கருத்தின் எதிர்ப்பதம். 2005 நவம்பரில் நடந்த இலங்கை அதிபர் தேர்தலை விடுதலைப் புலிகள் புறக்கணிக்கச் செய்தபோது, யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலான வேறுபாடு நாடு முழுவதிலும் சுமார் 1.8 லட்சம் வாக்குகளே. அன்று வீட்டில் இருந்தவருள் விரும்பி இருந்தவர் எத்தனை பேர், அஞ்சி இருந்தவர் எத்தனை பேர் என்பதை இனி எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. கட்டாயப் புறக்கணிப்பின் பெருந்தீங்கு இதுதான். மறுப்பவரின் குரலை மட்டுமன்று, மனமார உடன்பட்டவரின் குரலையும் அது பொருளற்றதாக்கிவிடுகிறது.

சட்டம் வகுத்த கோடு

முழு அடைப்பைப் பற்றிக் கேரள உயர் நீதிமன்றம் 1997-இல் ஒரு தீர்ப்பு வழங்கியது; அவ்வாண்டே உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. வேலைநிறுத்தமும் பொது மறுப்பும் வேறு, பந்த் வேறு என்பது அதன் சாரம். பந்த் என்னும் அழைப்பிலேயே, வெளியே வந்தால் தீங்கு நேரும் என்ற அச்சுறுத்தல் அடங்கியிருக்கிறது. சிலருடைய உரிமைக்காகப் பலருடைய அடிப்படை உரிமைகள் கீழ்ப்படுத்தப்படலாகா என்றது நீதிமன்றம். எங்கள் கடைக் கண்ணாடி உடைவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இத்தீர்ப்பு வந்துவிட்டது. தீர்ப்பு சாலையோரக் கடை வரை வந்து சேரக் காலம் ஆகும் போலும்!

ஊர்விலக்கைப் பொறுத்தவரை சட்டம் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் உரிமை கேட்கும்போதெல்லாம் அவர்கள்மீது வீசப்படும் கொடிய ஆயுதம் சமூகப் புறக்கணிப்பே என்பதை அண்ணல் அம்பேத்கர் தம் எழுத்துகளில் வற்புறுத்தினார். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் அம்மக்கள்மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதும், விதிப்பதாக மிரட்டுவதும் தண்டனைக்குரிய குற்றமாயின. மகாராஷ்டிர மாநிலம் 2016-இல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றியது.

உரைகல் எது?

இங்கே ஓர் ஐயம் எழலாம். அமைதியாக நடந்தால் பேச்சு, கல்லெறிந்தால் குற்றம் என்று எளிதாக முடித்துவிடலாமே? முடியாது. ஊர்விலக்கில் கல் எறியப்படுவதில்லை. ஒவ்வொருவரும் 'பேசாமல் இருக்கிறார்', அவ்வளவுதான். ஆயினும் அது ஒரு குடும்பத்தைச் சிதைத்துவிடுகிறது. ஆகவே வன்முறை மட்டுமே உரைகல் ஆகாது.

புறக்கணிப்புக்கு உள்ளாகிறவரின் இழப்பும் உரைகல் ஆகாது. இழப்பு இல்லாத புறக்கணிப்பு ஏது? என் தந்தையார் நிறுத்தியதால் அந்த நாளிதழுக்கும் நாள்தோறும் ஒரு படியின் விலை நட்டமே.

ஆகவே நான் கொண்ட முடிவு இது: புறக்கணிப்பை மதிப்பிட அதன் எதிரியைப் பார்க்காதீர்கள், அதில் சேர மறுக்கும் அண்டை வீட்டாரைப் பாருங்கள். அவர் அச்சமின்றித் தெருவில் நடக்க முடிகிறதா? முடிந்தால் அது பேச்சு. முடியாவிட்டால் அது பேச்சை அடைக்கும் பூட்டு.

இவ்வுரைகல்லில் மேற்கண்டவற்றை உரைத்துப் பாருங்கள். சுதேசியில் அண்டை வீட்டார், துணி விற்ற ஏழை வியாபாரி. திருச்செங்கோட்டில் அவர், அந்நாவலைப் படிக்க விரும்பிய வாசகர். யாழ்ப்பாணத்தில் அவர், சாவடிக்குப் போக நினைத்த வாக்காளர். ஊர்விலக்கிலோ, விலக்கப்பட்டவரோடு பேசினால் தமக்கும் தண்டம் விழும் என்று அஞ்சித் தலைகுனிந்து போகும் எதிர்வீட்டுக்காரர். கல் இல்லாமலே ஊர்விலக்கு எவ்வாறு நிற்கிறது என்பது இப்போது விளங்கும். அது விலக்கப்பட்டவர்மீது நிற்கவில்லை. அவரோடு பேச விரும்புகிறவரின் அச்சத்தின்மீது நிற்கிறது.

இனி, எங்கள் கடையின் இரண்டாம் நிகழ்ச்சி. இதுவே கடினமானது. "டீ குடிக்க மாட்டோம்" என்ற இளைஞர்கள் எவரையும் தாக்கவில்லை. தங்கள் காசைத் தங்கள் பையில் வைத்துக்கொண்டனர். ஆனால் அவர்கள் குறி நாளிதழ் அன்று. அதை வைத்திருந்த மூன்றாமவர். மிசிசிப்பிப் புறக்கணிப்பிலும் இத்தகையது நடந்தது. கட்டுப்பாட்டை மீறிக் கடைக்குச் சென்றவர்களின் பெயர்கள் கூட்டங்களில் உரக்கப் படிக்கப்பட்டன. அதுவும் பேச்சே என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். வன்முறையில் இறங்கியவர் மட்டும் அதற்குப் பொறுப்பு என்றது. நானும் அவ்வாறே கருதுகிறேன். அவ்விளைஞர்களைச் சட்டம் தண்டிக்கக் கூடாது. தேநீர் குடிக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் பேச்சுரிமையைக் காக்காது. ஆனால் சட்டம் விட்டுவைத்ததெல்லாம் அறம் ஆகிவிடாது. "நான் படிக்க மாட்டேன்" என்பதற்கும், "நீ படித்தால் உன்னை விடமாட்டேன்" என்பதற்கும் உள்ள தொலைவை அவரவர் மனச்சான்றுதான் அளக்க வேண்டும். எங்கள் கடை இருபது நாள் தாங்கியது. அதைவிட எளிய ஒரு கடை தாங்கியிருக்குமா?

கைப்பேசியில் ஒரு விரல் அசைவில் "இப்படத்தைப் புறக்கணிப்போம், இக்கடையைப் புறக்கணிப்போம்" என்று அனுப்பிவிடும் நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இவ்வினா மிகவும் தேவை. மான்ட்கோமரி மக்கள் 381 நாள் நடந்தார்கள். விலையைத் தங்கள் கால்களால் கொடுத்தார்கள். நாம் விடுக்கும் அழைப்புக்கு விலை கொடுப்பவர் நாமா, மூன்றாமவரா?

முடிவுரை

வில்லியனூர்ப் பக்கத்திலுள்ள கீழூருக்கு எங்கள் வகுப்பினர் ஒருமுறை சென்றிருந்தோம். 1954 அக்டோபர் 18-இல் பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தனர். இந்தியாவோடு இணைய வேண்டும் என்றவர் 170 பேர். வேண்டா என்றவர் 8 பேர். நினைவிடத்தில் நின்றபோது என் உள்ளம் அந்த எட்டு வாக்குகளையே நினைத்தது. அவற்றின் கருத்து எனக்கு உடன்பாடன்று. ஆனால் அவையும் எண்ணப்பட்டன, எழுதி வைக்கப்பட்டன. அந்த எட்டும் இருப்பதால்தான் 170 என்ற எண்ணுக்கு மதிப்பு உண்டாயிற்று. 178-க்கு 178 என்று இருந்திருந்தால் நாம் சற்றே ஐயுற்றிருக்கக்கூடும் அன்றோ?

மறுப்பவர் ஒருவர் அச்சமின்றி உடனிருப்பதே நம் புறக்கணிப்பு உண்மையானது என்பதற்குச் சான்று. எங்கள் கடையில் கண்ணாடிப் பெட்டி மாற்றியாயிற்று. என் தந்தையார் அந்த நாளிதழை இன்றும் வாங்குவதில்லை. அந்தப் பெரியவரோ இன்றும் அதே இதழை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருகிறார். அதே பெஞ்சில் அமர்ந்து, வேண்டுமென்றே சற்று உரக்கப் படிக்கிறார். அவருக்குச் சர்க்கரை குறைத்த தேநீர் தவறாமல் போகிறது. பேச்சுரிமை எங்கள் ஊரில் எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புபவர் ஒரு காலை வேளையில் வந்து அந்தப் பெஞ்சில் அமர்ந்து பார்க்கலாம்.